குவாசர்களின் ரேடியோ அலைகளும் இந்தியத் தொலைநோக்கிகளும்

நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரை என்னும் சிற்றூரின் மலைச்சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அமைப்பு 1970ஆம் ஆண்டு முதல் நின்று வருகிறது. வில்போல் வளைந்த 24 எஃகுச் சட்டங்கள் சரிவு நெடுகிலும் வரிசையாக நிறுத்தப்பட்டு, அவற்றின் மேல் ஓராயிரத்திற்கும் மேற்பட்ட மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. கண்ணாடியோ வில்லையோ இல்லாத இவ்வமைப்பும் ஒரு தொலைநோக்கியே. கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களும் குவாசர்களும் வெளியிடும் ரேடியோ அலைகளைத் திரட்டுவதற்காகவே இது நிறுவப்பட்டது.

இதைக் காண்போர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. அந்த ரேடியோ அலைகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பது ஒன்று. உணவு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகிய தேவைகளுக்கே நிதி போதாத ஒரு நாடு இவ்வாராய்ச்சியில் ஏன் இறங்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வினா பௌதிகத்தைச் சார்ந்தது. இரண்டாவது பொருளாதாரத்தைச் சார்ந்தது. ஆயினும் இவ்விரண்டின் விடைகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

இரைச்சலில் பிறந்த துறை

வானிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்பது தற்செயலாகவே தெரியவந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியாளர், தொலைதூர ரேடியோ தொலைபேசிப் பேச்சுகளில் குறுக்கிடும் இரைச்சலின் காரணத்தை ஆராயும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். இடியும் மின்னலும் எழுப்பும் இரைச்சலை நீக்கிய பின்னரும் மெல்லிய இரைச்சல் ஒன்று எஞ்சியது. அது 24 மணி நேரத்திற்கு ஒருமுறை அல்லாமல், 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சத்தை அடைந்தது. விண்மீன்கள் மீண்டும் அதே இடத்திற்கு வர ஆகும் நேரம் அதுவே. ஆகவே அந்த அலைகள் சூரியனிடமிருந்து அல்ல, பால்வெளி மண்டலத்திலிருந்தே வருகின்றன என்று 1933இல் அவர் அறிவித்தார். வானவியலாளர்கள் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. குரோட் ரீபர் என்னும் மற்றொரு பொறியாளர் 1937இல் தமது வீட்டுத் தோட்டத்தில், தம் சொந்தச் செலவில் ஒரு கிண்ண வடிவ ஆன்டெனாவை அமைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ராடார் துறையில் பயிற்சி பெற்றிருந்த விஞ்ஞானிகள் இப்பணியில் இறங்கியதும் துறை விரைந்து வளர்ந்தது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது அவசியம். ரேடியோ அலை என்பது ஒலி அன்று. அது ஒளியைப் போன்றதொரு மின்காந்த அலை. அதன் அலைநீளம் மட்டுமே மிக அதிகம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. முத்தோரைத் தொலைநோக்கி ஏற்கும் அலையின் நீளமோ 92 சென்டிமீட்டர்.

இந்த அலைகள் எத்துணை நலிந்தவை என்பதை ஒரு கணக்கால் உணரலாம். வானிலுள்ள ரேடியோ மூலங்களின் வலிமையை அளக்கும் அலகு ஜான்ஸ்கியின் பெயராலேயே வழங்குகிறது. ஒரு ஜான்ஸ்கி வலிமையுள்ள மூலத்தை, 8,000 சதுர மீட்டர் பயனுறு பரப்புள்ள ஒரு தொலைநோக்கி, 4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் இடைவிடாது நோக்குவதாகக் கொள்வோம். 40 வாட் மின்விளக்கு ஒன்று ஒரே விநாடியில் செலவிடும் ஆற்றலைத் திரட்ட அத்தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் பிடிக்கும். இது பூமியின் வயதுக்குச் சற்றே குறைவான காலமாகும்.

இரட்டை மடல்கள்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கண்டறியப்பட்ட ரேடியோ மூலங்களுள் தலையாயது, சிக்னஸ் விண்மீன் தொகுதியின் திசையில் உள்ள சிக்னஸ் ஏ. 1954இல் வால்டர் பாடே, ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் இதனை ஒரு தொலைதூர விண்மீன் மண்டலம் என இனங்கண்டனர். அதன் தொலைவு சுமார் 75 கோடி ஒளியாண்டுகள். அவ்வளவு தூரத்தில் இருந்தும் வானின் மிக வலிய ரேடியோ மூலங்களுள் ஒன்றாக அது விளங்குவதானால், அதன் உண்மையான ரேடியோ ஆற்றல் பால்வெளி மண்டலத்தினுடையதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாக இருக்க வேண்டும்.

அந்த அலைகள் மண்டலத்தின் எப்பகுதியிலிருந்து வருகின்றன என்னும் ஆராய்ச்சியில் இந்தியர் ஒருவருக்குச் சிறப்பான பங்கு உண்டு. கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் நிலையத்திற்குச் சென்றிருந்த மிருணாள் குமார் தாஸ்குப்தா, ரோஜர் ஜெனிசன் என்பாருடன் சேர்ந்து 1953இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். சிக்னஸ் ஏ மூலத்தின் ரேடியோ அலைகள் ஓரிடத்திலிருந்து வரவில்லை. ஒன்றிலிருந்து ஒன்று விலகிய இரு பகுதிகளிலிருந்தே வந்தன. ஒளியில் காணப்படும் மண்டலமோ அவ்விரண்டிற்கும் நடுவில், வெற்றிடம் போலத் தோன்றிய இடத்தில் இருந்தது. இன்று ரேடியோ மடல்கள் என்று அழைக்கப்படும் இப்பகுதிகள், மண்டலத்தின் விண்மீன்கள் பரவியுள்ள எல்லைக்கு வெகு வெளியே, நான்கு லட்சம் ஒளியாண்டு நீளத்திற்கு விரிந்து கிடக்கின்றன.

இந்த இரட்டை வடிவம் விதிவிலக்கன்று என்பதும், வலிய ரேடியோ மண்டலங்களின் பொதுவான இயல்பே அது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 1974இல் பெர்னார்டு பனராஃப், ஜூலியா ரைலி ஆகிய இருவரும் இம்மண்டலங்களை இரு வகைகளாகப் பிரித்தனர். ஆற்றல் குறைந்த வகையில் ஒளிர்வு மையத்தை ஒட்டி மிகுந்து, வெளியே செல்லச் செல்ல மங்குகிறது. ஆற்றல் மிக்க வகையில் மடல்களின் கடைக்கோடியிலேயே மிகுந்த ஒளிர்வு காணப்படுகிறது. கன்னித் தொகுதியின் எம் 87 மண்டலம் முதல் வகைக்கும், சிக்னஸ் ஏ இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள்.

அலைகள் தோன்றும் விதம்

சூடான பொருள்கள் யாவும் கதிர்வீச்சை வெளியிடுகின்றன. ஆனால் ரேடியோ மண்டலங்களின் கதிர்வீச்சு வெப்பத்தால் தோன்றுவதன்று. ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிய எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சிக்கிச் சுருள்வழியில் செல்லும்போது ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. சிங்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் முதலில் காணப்பட்டதால் இது சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு எனப் பெயர் பெற்றது. இக்கதிர்வீச்சு ஒரு குறிப்பிட்ட திசையில் முனைவுற்றிருக்கும்; அதிர்வெண் உயர உயர அதன் வலிமை குறையும். இவ்விரு அடையாளங்களும் ரேடியோ மடல்களில் காணப்படுகின்றன.

இந்த விளக்கத்திலிருந்து முக்கியமான ஓர் உண்மை பெறப்படுகிறது. எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றல் மிக்கதோ அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அது கதிர்வீசும். அதே அளவுக்கு விரைவாகத் தன் ஆற்றலையும் இழக்கும். செல்வத்தை அள்ளி இறைப்பவன் விரைவில் வறியவனாவது போன்றது இது. அதிர்வெண்ணைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து நோக்கினால், அங்கு கதிர்வீசும் எலக்ட்ரான்களின் ஆயுள் ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்கும். எனவே உயர் அதிர்வெண்ணில் நோக்கும் தொலைநோக்கி அண்மையில் ஊட்டப்பட்ட ஆற்றலைக் காட்டுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில், அதாவது மீட்டர் அளவிலான அலைகளில் நோக்கும் தொலைநோக்கி நெடுங்காலத்திற்கு முன்பு ஊட்டப்பட்டதன் எச்சத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. இந்திய முயற்சியைப் புரிந்துகொள்ள இவ்வுண்மை துணை செய்யும்.

குவாசர்கள்

ரேடியோ மூலங்களின் பட்டியல்கள் பெருகியபோது, அவற்றுள் சில, மண்டலங்களாக அல்லாமல் சாதாரண விண்மீன்களைப் போன்ற புள்ளிகளாகவே ஒளித் தொலைநோக்கிகளில் தோன்றின. அவற்றின் நிறமாலையில் இருந்த கோடுகள் அறிந்த எந்தத் தனிமத்திற்கும் பொருந்தவில்லை. கேம்பிரிட்ஜ் மூன்றாம் பட்டியலில் 273ஆம் எண்ணுள்ள மூலத்தைச் சந்திரன் மறைத்த நேரங்களில், 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைக் கொண்டு சிரில் ஹசார்டும் அவருடைய துணைவர்களும் அதன் இருப்பிடத்தைத் துல்லியமாக வரையறுத்தனர். அவ்விடத்தில் இருந்த புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்த மார்ட்டின் ஷ்மிட், அதிலுள்ள கோடுகள் ஹைட்ரஜனின் கோடுகளே என்றும், அவை சுமார் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் பெயர்ந்துள்ளன என்றும் 1963இல் கண்டறிந்தார். பேரண்டம் விரிவடைவதால் நேரும் இச்செம்பெயர்ச்சியைக் கொண்டு கணித்தால், அப்புள்ளியின் தொலைவு 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேற்பட்டதாகும். எனவே அது விண்மீன் அன்று. ஒரு முழு விண்மீன் மண்டலத்தைப் போல் நூறு மடங்கு ஒளிரும் பொருள். இத்தகைய பொருள்களுக்குக் குவாசர் என்னும் பெயர் 1964இல் வழங்கலாயிற்று.

வியப்பு இத்துடன் நிற்கவில்லை. குவாசர்களின் ஒளிர்வு சில மாதங்களிலேயே மாறுபடுவது தெரியவந்தது. எந்தப் பொருளின் ஒளிர்வும், ஒளி அதனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்கும் நேரத்தைவிட விரைவாக ஒட்டுமொத்தமாக மாற இயலாது. ஆகவே இத்துணை ஆற்றலும் ஒளி சில மாதங்களில் கடக்கக்கூடிய சிறிய இடத்திற்குள்ளிருந்தே வெளிப்பட வேண்டும். பால்வெளி மண்டலத்தைக் கடக்க ஒளிக்குச் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதோடு இதனை ஒப்பிட்டால், இதன் அருமை விளங்கும்.

விண்மீன்கள் ஒளிரக் காரணமான அணுக்கருப் பிணைப்பில், எரியும் ஹைட்ரஜனின் பொருண்மையில் ஒரு சதவீதத்திற்கும் குறைவானதே ஆற்றலாக மாறுகிறது. அது குவாசர்களுக்குப் போதாது. மிகப் பெரிய கருந்துளை ஒன்றைச் சுற்றித் தட்டு வடிவில் சுழன்று உள்ளே விழும் வாயு, அதனைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட திறனுடன் ஆற்றலை வெளியிடக்கூடும். எட்வின் சால்பீட்டரும் யாகோவ் செல்டோவிச்சும் 1964இலும், டொனால்ட் லிண்டன்-பெல் 1969இலும் முன்வைத்த இக்கருத்து இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. எம் 87 மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் நிழல், உலகின் பல பகுதிகளிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒருங்கிணைத்துப் பெறப்பட்ட படமாக 2019 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. அதன் பொருண்மை 650 கோடி சூரியன்களுக்குச் சமம்.

இக்கருந்துளையின் அருகிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் பீறிட்டுப் பாயும் இரு தாரைகளே வெளியே உள்ள மடல்களுக்கு எலக்ட்ரான்களையும் காந்தப்புலத்தையும் கொண்டு சேர்க்கின்றன. ஆயினும் எல்லாக் குவாசர்களும் வலிய ரேடியோ மூலங்கள் அல்ல. பத்தில் ஒன்று மட்டுமே அத்தகையது. தாரை பார்ப்பவரை நோக்கி அமைந்தால் மையம் மிக ஒளிர்ந்து காணும். பக்கவாட்டில் அமைந்தால் மடல்களே மேலோங்கித் தெரியும். ஆகவே வெவ்வேறு இனங்களாகத் தோன்றும் பல பொருள்கள் உண்மையில் வெவ்வேறு கோணங்களில் காணப்படும் ஒரே இனமாக இருக்கலாம். இக்கருத்துக்கு வலுவூட்டிய ஆய்வுகளுள் விஜய் கபாஹியும் டி. ஜே. சைக்கியாவும் 1982இல் வெளியிட்டதும் ஒன்று.

முத்தோரையில் மேற்கொண்ட முயற்சி

வெளிநாடுகளில் பணியாற்றிய நான்கு இந்திய ரேடியோ வானவியலாளர்கள், தாயகம் திரும்பி ஒரு குழுவாக இயங்க விரும்புவதாக 1961இல் இந்திய அறிவியல் நிறுவனங்களுக்கு எழுதினர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஹோமி பாபா அதனை உடனே வரவேற்றார். அந்நால்வருள் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப் 1963இல் திரும்பினார். ஆஸ்திரேலியாவிலிருந்து அன்பளிப்பாகப் பெறப்பட்ட 32 சிறிய கிண்ண ஆன்டெனாக்களைக் கொண்டு பம்பாய்க்கு அருகே கல்யாணில் 1965இல் சூரிய ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. அடுத்த கட்டமாகத் திட்டமிடப்பட்டதே முத்தோரைத் தொலைநோக்கி.

மேலை நாடுகளுக்கு நிகராகத் துல்லியமான பெருங்கிண்ணம் ஒன்றை அமைக்க அன்று நாட்டில் பணமும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. ஆகவே நாட்டில் எது உள்ளது என்பதிலிருந்து திட்டம் தொடங்கியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நிலப்பகுதி இருந்தது. நீலகிரியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சாய்வுள்ள, வடக்கு தெற்காக அமைந்த மலைச்சரிவு ஒன்றில் நீண்ட தொலைநோக்கியை அமைத்தால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். அதன் பின் அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே போதும். ஒரு மூலத்தைத் தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். செலவு மிக்க இரண்டாவது சுழற்சி அமைப்பு தேவையில்லை. அலைநீளம் ஒரு மீட்டரை ஒட்டி இருப்பதால் பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டியதில்லை. இடைவெளி விட்டுக் கட்டிய கம்பிகளே போதுமானவை.

சந்திரனும் இத்திட்டத்தில் ஒரு கருவியாகப் பயன்பட்டது. தன் பாதையில் அது ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது அலைகள் எவ்வாறு மங்குகின்றன என்பதைப் பதிவு செய்தால், மூலத்தின் கோண அளவையும் வடிவத்தையும் கணக்கிடலாம். சந்திரனின் விளிம்பு ஒரு விநாடி நேரத்தில், ஒரு பாகையின் 3,600 பங்குகளில் ஏறத்தாழ அரைப் பங்கு தூரம் நகர்கிறது. எனவே பல கிலோமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கியால் மட்டுமே காணக்கூடிய நுட்பம், 530 மீட்டர் தொலைநோக்கிக்கும் கைகூடியது. இவ்வாறு நூற்றுக்கணக்கான நலிந்த மூலங்களின் அளவுகள் உதகையில் கண்டறியப்பட்டன.

கிடைத்த விடை

அந்நாளில் பேரண்டத்தைப் பற்றி இரு கொள்கைகள் போட்டியிட்டன. பேரண்டம் எக்காலத்தும் ஒரே தன்மையுடன் விளங்குகிறது என்பது பாண்டி, கோல்ட், ஹாயில் ஆகிய மூவரும் 1948இல் முன்வைத்த நிலைப்பேரண்டக் கொள்கை. அது காலத்தோடு மாறி வந்துள்ளது என்பது மற்றொன்று. தொலைவில் நோக்குவது கடந்த காலத்தை நோக்குவதாகும். ஆகவே தொலைதூர ரேடியோ மூலங்களும் அண்மையிலுள்ளவையும் தன்மையில் வேறுபட்டால், பேரண்டம் மாறி வந்துள்ளது என்று பொருள்.

நலிந்த மூலங்கள் பொதுவாகத் தொலைவிலுள்ளவை. உதகையில் அளந்த நலிந்த மூலங்களை, முன்பு அறியப்பட்ட வலிய மூலங்களுடன் ஸ்வரூப்பும் கபாஹியும் ஒப்பிட்டு 1975இல் முடிவுகளை வெளியிட்டனர். மூலங்கள் நலிவடைய நலிவடைய அவற்றின் கோண அளவும் குறைந்து வந்தது. அந்தக் குறைவு, கடந்த காலத்தில் ரேடியோ மூலங்கள் இன்றைவிட அடர்த்தியாகவும் அளவில் சிறியனவாகவும் இருந்தன என்று கொண்டால் இயல்பாகப் பொருந்தியது. நிலைப்பேரண்டக் கொள்கையோடு பொருந்தவில்லை. 1965இல் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டதிலிருந்தே அக்கொள்கை வலுவிழந்திருந்தது உண்மையே. ஆயினும் முற்றிலும் வேறான ஒரு வழியில் அதே முடிவு எட்டப்பட்டது என்பதே உதகை ஆய்வின் சிறப்பு.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. சந்திரன் செல்லும் பாதையிலுள்ள மூலங்களை மட்டுமே இவ்வாறு ஆராய முடியும். அமெரிக்காவின் பேரணித் தொலைநோக்கி 1980இல் முழுமை பெற்றபோது, வானின் எப்பகுதியிலும் இதைவிட நுட்பமான படங்களை எடுக்க முடிந்தது. வளரும் நாடுகள் கூட்டாக நிலநடுக்கோட்டில் ஒரு மாபெரும் தொலைநோக்கி அமைக்கும் யோசனையும் எழுந்தது, அது கைகூடவில்லை. இதன் பின்னரே இந்தியக் குழுவினர் வேறொரு திட்டத்தை வகுத்தனர்.

மீட்டர் அலைப் பெருந்தொலைநோக்கி

புணே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே கோடத் என்னுமிடத்தை மையமாகக் கொண்டு, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண ஆன்டெனாக்கள் 1990களில் நிறுவப்பட்டன. 14 ஆன்டெனாக்கள் ஒரு கிலோமீட்டர் பரப்பிற்குள்ளும், எஞ்சிய 16 மூன்று கிளைகளாகவும் பரவி, மொத்தத்தில் 25 கிலோமீட்டர் வரை விரிந்த ஒரே தொலைநோக்கியாக இயங்குகின்றன. 2001இல் இது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இங்கும் அதே சிக்கன நெறி பின்பற்றப்பட்டது. கிண்ணத்தின் பரப்பு தகடு அன்று. கயிறுபோல் இழுத்துக் கட்டிய எஃகு வடங்களின் மேல் பொருத்திய கம்பி வலை. வலையின் கண்கள் 10 முதல் 20 மில்லிமீட்டர் அளவுள்ளவை. காற்று அவற்றின் ஊடே புகுந்து செல்வதால் கிண்ணத்தின் மேல் விழும் விசை குறைந்தது; விசை குறையவே தாங்கும் எஃகின் எடையும் குறைந்தது; எடை குறையவே செலவும் குறைந்தது. ஆன்டெனாக்களைத் திருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பைப் பாபா அணு ஆராய்ச்சி மையமும், உயர் அதிர்வெண் ஏற்பிகளைப் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கின.

மீட்டர் அலைகளைத் தேர்ந்தெடுத்தது சிக்கனத்திற்காக மட்டும் அன்று. தாழ்ந்த அதிர்வெண்ணில் முதிர்ந்த எலக்ட்ரான்கள் நீடித்து ஒளிர்கின்றன என்னும் உண்மை இங்கு பெரும் ஆதாயமாக அமைந்தது. செல்வ நாடுகளின் பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களை நாடியதால், மண்டலங்களின் கடந்தகால எச்சங்களைக் காணும் களம் ஓரளவு வெறிச்சோடிக் கிடந்தது. ஆனந்த ஹோதாவும் அவருடைய குழுவினரும் 2011இல் அறிவித்த ஸ்பெக்கா என்னும் சுருள் மண்டலம் இதற்கு நல்ல சான்று. சுமார் 170 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்மண்டலத்தின் மையம் ஒருமுறை அன்றிப் பலமுறை விழித்தெழுந்து தாரைகளைப் பாய்ச்சியிருக்கிறது என்பதை, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக அமைந்த அதன் மடல்கள் உணர்த்துகின்றன. 2024இல் அறிவிக்கப்பட்ட, 2.3 கோடி ஒளியாண்டு நீளமுள்ள போர்ஃபிரியன் என்னும் தாரை இணை ஐரோப்பியத் தொலைநோக்கியால் கண்டறியப்பட்டது. அது எந்த மண்டலத்திலிருந்து புறப்படுகிறது என்பதை உறுதிசெய்யக் கோடத் தொலைநோக்கி உதவியது.

செலவும் பயனும்

இத்தகைய ஆராய்ச்சியிலிருந்து உடனடி வருவாய் எதுவும் கிடைப்பதில்லை. அதனால் விளையும் துணைப்பயன்களைப் பெரிதாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. ஏழை நாடு ஒன்று இதற்குச் செலவிடுவதை எதிர்ப்போரின் வாதத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. ஆனால் அவ்வாதத்திற்குரிய விடை, செலவின் அளவிலும் அது செலவிடப்பட்ட முறையிலும் அடங்கியுள்ளது. பிறர் செய்ததைச் சிறிய அளவில் திரும்பச் செய்யும் திட்டம் எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே. தன் நிலம், தன் தொழிலாளர், தன் ஆலைகள் ஆகியவற்றால் இயன்றதை வைத்து, பிறர் விட்டுவைத்த வினாவொன்றுக்கு விடை தேடும் திட்டம் அவ்வாறன்று. முத்தோரையிலும் கோடத்திலும் நிகழ்ந்தது இதுவே. கருவியை இறக்குமதி செய்யாமல் தாமே வடிவமைத்ததால், அதனைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் வல்ல தலைமுறைகளும் உருவாயின.

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அமைக்கப்பட்டு வரும் சதுர கிலோமீட்டர் அணித் தொலைநோக்கியில் இந்தியா பங்கேற்க 1,250 கோடி ரூபாய்க்கான ஒப்புதல் 2024 ஜனவரியில் அளிக்கப்பட்டது. அத்தொலைநோக்கியை இயக்கும் மேலாண்மை மென்பொருளின் வடிவமைப்பில் இந்தியக் குழு முன்னின்றது.

எனினும் பணத்தால் வாங்க முடியாத ஒரு பொருள் இத்துறைக்குத் தேவைப்படுகிறது. அது ரேடியோ அமைதி. 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை சர்வதேச ஒப்பந்தப்படி வானவியலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. முத்தோரைத் தொலைநோக்கி இயங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அதனுள் அடங்கும். ஆனால் செல்பேசிக் கோபுரங்கள், மின்கம்பிகளின் பொறிகள், வாகனங்கள், செயற்கைக் கோள்கள் ஆகியன எழுப்பும் இரைச்சலை எல்லைக்கோடுகளால் மட்டும் தடுத்துவிட இயலாது. புணேயையும் நாசிக்கையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட விரைவு இருப்புப்பாதை கோடத் தொலைநோக்கிக்கு அருகே செல்வதாக அமைந்தபோது இப்பிரச்சினை கூர்மையாக எழுந்தது. வழித்தடத்தை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. போக்குவரத்தும் தகவல் தொடர்பும் அப்பகுதி மக்களின் நியாயமான தேவைகள். அவற்றை மறுக்காமல் தொலைநோக்கியையும் காப்பதற்கு, திட்டமிடும் நிலையிலேயே இரு தரப்பாரும் கலந்து பேசும் முறை நிலைபெற வேண்டும். இரைச்சல் ஒருமுறை குடியேறிய பின் அதனை வெளியேற்றுவது, தொடக்கத்தில் தவிர்ப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

கோவிந்த் ஸ்வரூப் 2020 செப்டம்பரில் காலமானார். அவரும் அவருடைய குழுவினரும் நிறுவிய இரு தொலைநோக்கிகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலைகளைத் திரட்டித் தந்துள்ளன. அவ்வலைகளுக்கு ஒரு விநாடி மின்விளக்கு எரியும் ஆற்றல்கூட இல்லை. அவற்றைப் பிரித்தறியும் அளவுக்கு வானின் ஒரு சிறு பகுதியையேனும் அமைதியாக வைத்திருப்பது, தொலைநோக்கியைக் கட்டியதைப் போன்றே நாடு ஏற்றுக்கொண்ட ஒரு பொறுப்பாகும்.